முதல் நாசகாரிகளின் ஆயுதங்கள்: எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாசகாரிக் கப்பல் (destroyer) என்றதும் பலருக்கு மனதில் வருவது இரண்டாம் உலகப்போர்ப் படங்களில் பார்த்த உருவம்தான். பின்பக்கத்திலிருந்து நீர்மூழ்கிகளை அடிக்கும் ஆழ்வெடிகளை உருட்டிவிடும், விமானங்களைச் சுடும், அடுக்கடுக்கான பீரங்கிகளோடு நிற்கும். அந்த உருவத்தை வைத்துக்கொண்டு 1890-களின் பிரிட்டிஷ் நாசகாரிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே சறுக்கிவிடும். 1893-இல் நீரில் இறங்கிய ஹாவக் என்ற நாசகாரி சுமார் 240 டன் எடைதான். விமானமே பிறக்காத காலம். நீர்மூழ்கியைத் தேடி அடிக்கும் வேலையும் அப்போது இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, இந்தக் கப்பல்களின் முதன்மை ஆயுதம் டார்ப்பிடோ (நீருக்குள் தானாக ஓடிப்போய் வெடிக்கும் குண்டு) என்று நினைப்பது. இவற்றின் முழுப்பெயர் ‘டார்ப்பிடோ படகு நாசகாரி’, அதாவது டார்ப்பிடோ படகுகளை அழிக்கும் கப்பல். பிரெஞ்சுக் கடற்படையிடம் சிறு டார்ப்பிடோ படகுகள் ஏராளமாக இருந்தன. அவை இரவில் பாய்ந்து வந்து போர்க்கப்பல்களைத் தாக்கிவிடும் என்ற கவலை லண்டனுக்கு. அதற்கு மாற்றாக ராட்டில்ஸ்னேக் (1886) போன்ற டார்ப்பிடோ பீரங்கிப் படகுகளைக் கட்டிப் பார்த்தார்கள். மணிக்கு 19 கடல் மைல் வேகத்தில் ஓடும் கப்பல், தன்னைவிட வேகமான படகை எப்படிப் பிடிக்கும்? கடற்படைத் தளவாடப் பொறுப்பில் இருந்த ஜான் ஃபிஷர் 1892–93-இல் யாரோ, தார்னிகிராஃப்ட், லேர்டு ஆகிய மூன்று கம்பெனிகளிடம் தலா இரண்டு கப்பல்களுக்கு ஆர்டர் கொடுக்க வழி செய்தார். (முதல் கம்பெனியின் பெயரே அதுதான். ‘யாரோ கட்டியது’ என்று எழுதிவிட்டு வாசகரைத் தவிக்க விடாதீர்கள்.)

துரத்திப் பிடித்துச் சுடுவதுதான் வேலை என்பதால் முதலிடம் பீரங்கிக்கு (‘பவுண்டர்’ என்பது அது சுடும் குண்டின் எடையை வைத்து வந்த பெயர்). ஒரு 12 பவுண்டர், மூன்று 6 பவுண்டர். கவசமில்லாத சிறு படகின் கொதிகலனில் ஒரு குண்டு இறங்கினால் அதன் ஓட்டம் முடிந்தது. அதற்குப் பெரிய பீரங்கி தேவையில்லை என்பது கணக்கு. டார்ப்பிடோவை ஏவும் குழாய்கள் இரண்டாவது வேலைக்கு. எதிரிப் படகுகளை விரட்டியானதும், இதே கப்பல் தானே டார்ப்பிடோ படகாக மாறி எதிரியின் பெரிய கப்பல்களை அடிக்கலாம் அல்லவா?

இந்த இரட்டை வேடம் புரியாததால்தான் அடுத்த குழப்பம். முதல் ஆறுக்குப் பின் வந்த ‘27 நாட்’ (மணிக்கு 27 கடல் மைல் வேகம்) வகைக் கப்பல்களுக்கு ஓர் அட்டவணை மூன்று 6 பவுண்டர் என்கிறது, இன்னொன்று ஐந்து என்கிறது. உடனே ஒன்று பிழை என்று முடிவுகட்டி அடித்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். டார்ப்பிடோ படகாகப் போனால் ஒரு 12 பவுண்டர், மூன்று 6 பவுண்டர், இரண்டு குழாய்கள். பீரங்கிப் படகாகப் போனால் ஒரு குழாயைக் கழற்றிவிட்டு இன்னும் இரண்டு 6 பவுண்டர்கள் என்பதுதான் திட்டம். நடைமுறையில் ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டும் தொல்லை எதற்கு என்று எல்லாவற்றையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டார்கள். பின்னால் வந்த ‘30 நாட்’ கப்பல்களில் ஒரு 12 பவுண்டர், ஐந்து 6 பவுண்டர், இரண்டு குழாய்கள் என்பதே வழக்கமான தொகுப்பு ஆனது. எந்த வகை, எந்த ஆண்டு என்று சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் எழுதினால் பயனில்லை.

குழாய்களிலும் கவனம் வேண்டும். முதல் ஆறு கப்பல்களில் மூன்றாவதாக ஒரு குழாய் முகப்பில், அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, நேராகப் போய் நேராக அடிக்கலாம். ஆனால் கப்பல் முழு வேகத்தில் ஓடும்போது, நீரில் விழுந்து வேகம் பிடிக்கும் முன் தன் டார்ப்பிடோவைக் கப்பலே முட்டிவிடும் அபாயம் இருந்தது. முகப்பில் அந்தப் பாரம் இருந்தால் அலையில் மூக்கு புதைவதும் கூடும். ஆகவே அதைக் கைவிட்டார்கள். 30 நாட் கப்பலின் மாடலில் முகப்புக் குழாய் வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவற்றில் இருந்தவை மேல்தளத்தில் சுழலும் ஒற்றைக் குழாய்கள் இரண்டு.

18 அங்குல டார்ப்பிடோ என்றால் கால்குலேட்டரில் பெருக்கி 457 மில்லிமீட்டர் என்று போடுவதும் வழக்கமான பிழை. பெயர்தான் 18 அங்குலம். உண்மையான விட்டம் 17.7 அங்குலம், 450 மில்லிமீட்டர்.

இனி பவுண்டர் கணக்கு. இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். 12 பவுண்டர் என்பது குண்டின் ஏறத்தாழ எடை. குழல் வாய் 3 அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டர். 6 பவுண்டருக்கு 57 மில்லிமீட்டர். ‘12 பவுண்டர் 12 ஹண்ட்ரட்வெயிட்’ என்று பட்டியலில் வரும் இரண்டாவது 12, பீரங்கியின் எடை. ஒரு ஹண்ட்ரட்வெயிட் 112 பவுண்டு; ஆகப் பீரங்கி சுமார் 610 கிலோ. இதை வேண்டாத ஒட்டு என்று வெட்டிவிடக் கூடாது. அதே 3 அங்குல வாயோடு 8 ஹண்ட்ரட்வெயிட், 18 ஹண்ட்ரட்வெயிட் பீரங்கிகளும் இருந்தன. 8 என்பது கரையிறங்கும் படைக்காகச் செய்த இலகுவான பீரங்கி; 18 என்பது ட்ரெட்நாட் போர்க்கப்பலில் இருந்தது. மூன்றும் வேறு வேறு.

இந்த வித்தியாசம் ரிவர் வகை நாசகாரிகளில் நேரடியாக விளையாடுகிறது. 1903 முதல் வந்த அந்தக் கப்பல்கள் ஒரு 12 ஹண்ட்ரட்வெயிட், ஐந்து 6 பவுண்டர் என்ற பழைய தொகுப்போடுதான் தொடங்கின. எதிரிக் கப்பல்கள் பெருத்துக்கொண்டே போக, 6 பவுண்டர் கொசுக்கடி ஆகிவிட்டது. 1906 வாக்கில் அந்த ஐந்தையும் எடுத்துவிட்டு மூன்று 8 ஹண்ட்ரட்வெயிட் வைக்க முடிவெடுத்தார்கள். ‘நான்கு 12 பவுண்டர்’ என்று மொட்டையாக எழுதினால் நான்கும் ஒரே பீரங்கி என்று வாசகர் நினைப்பார். 1909 வாக்கில் பீகிள் வகை வரும்போது 4 அங்குலப் பீரங்கியும் 21 அங்குல டார்ப்பிடோவும் வந்துவிட்டன.

‘விரைவுப் பீரங்கி’ என்பதை இயந்திரத் துப்பாக்கிபோலத் தானாகச் சுடுவது என்று எழுதுகிறார்கள். இல்லை. ஒவ்வொரு ரவுண்டையும் கையால்தான் திணிக்க வேண்டும். பித்தளை உறையில் அடைத்த வெடிமருந்தும் சட்டென்று திறந்து மூடும் பீரங்கியின் பின்கதவும்தான் வேகத்துக்குக் காரணம். பீரங்கி நின்ற இடத்தையும் பாருங்கள்: கப்பலைச் செலுத்தும் கூண்டின் (conning tower) கூரைமேல் ஒரு மேடை, அதில் 12 பவுண்டர். கப்பலைச் செலுத்தும் அதிகாரிக்கும் அதே மேடைதான். முன்தளம் ஆமை ஓடுபோல வளைந்து தாழ்வாக இருந்ததால், எதிர் அலையில் அதிகாரியும் பீரங்கிக்காரர்களும் சேர்ந்தே நனைந்தார்கள்.

‘1895-இன் ஏ வகை நாசகாரி’ என்ற தொடரையும் நிறையப் பார்க்கிறேன். ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் 1913-இல் சூட்டப்பட்டவை. அதற்கு முன் 27 நாட், 30 நாட் என்றே பேச்சு. ஹாவக் உள்ளிட்ட முதல் ஆறு கப்பல்களில் ஒன்றுகூட அந்த ஆண்டுவரை சேவையில் நீடிக்கவில்லை. அந்த ஆறில் ஒன்றான டிகாய் 1904-இலேயே அருன் என்ற இன்னொரு நாசகாரியோடு மோதி மூழ்கிவிட்டது, ஹாவக் 1912-இல் விற்கப்பட்டது. அவற்றை ஏ வகையில் சேர்ப்பது பொருந்தாது.

கடைசியாக, புகைப்படங்கள். முதல் உலகப்போரிலும் பழைய 30 நாட் கப்பல்கள் பல ஓடிக்கொண்டிருந்தன. ஆழ்வெடி 1916-இல்தான் பிரிட்டிஷ் கடற்படையில் பயன்பாட்டுக்கு வந்தது. பின்தளத்தில் ஆழ்வெடி தெரியும் படத்தைப் பார்த்து 1897-இன் ஆயுதப் பட்டியலை எழுதாதீர்கள்.