கொம்பைப் பார்த்துப் பட்டடை வாங்காதீர்கள்

வீட்டுக்குப் பின்னால் சின்னதாய் ஒரு கம்மாலை போடப் புறப்படுகிறவர்கள் முதலில் ஏமாறுவது பட்டடையில்தான், காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் அந்த இரும்புக் கட்டையில். நானும் ஏமாந்தேன். திருகோணமலை டவுனில் ஒரு கடையில் நீலப் பெயின்ற் பூசி, ஒரு முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்க் கொம்போடு அழகாய் இருந்தது ஒன்று. விலையும் மலிவு. ஆட்டோவில் ஏற்றி உப்புவெளிக்குக் கொண்டுவந்தேன். மூன்றாவது வாரம் கொம்பு நுனி ரஸ்க் மாதிரி உடைந்து விழுந்தது. உடைந்த இடம் மணல் மணலாய், சாம்பல் நிறம். வார்ப்பிரும்பு!

வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுப்பதுதான் பட்டடையின் வேலை. உருக்கு திருப்பிக் கொடுக்கும், வார்ப்பிரும்பு விழுங்கிவிடும். தோள் நோகும்வரை அடித்தாலும் காய்ச்சிய இரும்பு அசையாது. பட்டடையில்தான் பள்ளம் விழும். பெயின்றுக்கு மேலால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. அதனால் கராஜில் கழித்துப் போட்ட பெரிய பெயரிங் குண்டு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். பட்டடையின் முகத்துக்கு, அதாவது அடி வாங்கும் தட்டையான மேற்பரப்புக்கு, 10 அங்குலம் மேலே பிடித்து, எறியாமல் நழுவ விடுங்கள். 7 அங்குலத்துக்கு மேல் துள்ளினால் நல்ல உருக்கு. 3 அங்குலத்தோடு அடங்கினால், விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் நடையைக் கட்டுங்கள். நடுவில் மட்டும் போட்டுப் பார்ப்பதும் பிழை. முகம் முழுக்கப் போட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் துள்ளல் செத்திருந்தால் அங்கே உள்ளே வெடிப்பு இருக்கலாம்.

துருவைக் கண்டு பயப்படவேண்டாம். எங்கள் கடற்காற்றில் துருப்பிடிக்காத இரும்பு ஏது? கம்பித் தூரிகையும் கொஞ்சம் எண்ணெயும் போதும். எனக்குப் பயம் கண்ணாடி போல மினுங்கும் பழைய பட்டடையில்தான். பழைய பட்டடைகள் பலவற்றில் மேல்தகடு மட்டுமே கடினமான உருக்கு, அடிப்பாகம் மெது இரும்பு. கிரைண்டர் பிடித்துத் தேய்க்கத் தேய்க்க அந்தத் தகடுதான் கரைகிறது. நீங்களும் வாங்கிவந்து அந்த வேலையைச் செய்யாதீர்கள். விளிம்பு கொஞ்சம் மழுங்கியிருப்பது நல்லதே; கூர் விளிம்பு, வளைக்கும் இரும்பில் வெட்டு விழுத்தும்.

பழைய இங்கிலாந்துப் பட்டடையின் பக்கத்தில் 1 · 2 · 10 என்று மூன்று எண்கள் பொறித்திருந்தால் அது நிறை. முதலாவது அந்தர், அதாவது 112 இறாத்தல். இரண்டாவது கால் அந்தர், 28 இறாத்தல். மூன்றாவது வெறும் இறாத்தல். கூட்டினால் 178 இறாத்தல், ஏறக்குறைய 81 கிலோ. இது தெரியாமல் கிலோக் கணக்கில் விலை பேசி ஏமாறுகிறவர்கள் உண்டு. அவ்வளவு நிறை எல்லாருக்கும் தேவையில்லை. சுத்தியலின் நிறையைப்போல் இருபது மடங்காவது இருக்கட்டும். ஐம்பது மடங்கென்றால் சுகமாய் அடிக்கலாம்.

சரி, அந்தளவு காசு இல்லையா? பட்டடை என்றால் கொம்பு இருந்தே ஆகவேண்டும் என்ற நினைப்பை விடுங்கள். பழைய இரும்புக் கடையில் லொறி அச்சு, ஃபோர்க்லிஃப்ட்டின் தடித்த முள் மாதிரி ஏதாவது கிடைத்தால் கடையில் விற்கும் மலிவு வார்ப்பைவிட எவ்வளவோ மேல். தண்டவாளத் துண்டும் நல்லதுதான். ஆனால் எல்லாரும் அதைப் படுக்கவைத்து அடிக்கிறார்கள். நடுவே மெல்லிய பகுதி இருப்பதால் அடிக்க அடிக்க அதிரும். நிமிர்த்தி வையுங்கள், முழு நிறையும் அடிக்கு நேர்கீழே வரும். ஒரு யார் நீளத்துக்கு 80 இறாத்தல் நிறையுள்ள தண்டவாளம் என்றால் மூன்றடித் துண்டு 36 கிலோ. பற்றுச்சீட்டு இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள். ரயில்வேச் சொத்து என்று கேள்வி வந்தால் பதில் வேண்டும். இன்னொன்று: காட்டிலோ கடலோரத்திலோ கிடந்ததென்று உருளையான, பாரமான இரும்பை யாராவது "வெறும் கோதுதான்" என்று நீட்டினால் கையே வைக்காதீர்கள்; வெடிக்காத ஷெல்லாய் இருக்கலாம்.

வாங்கிய பிறகு நடக்கும் பிழை, சீமெந்துத் தரையில் அப்படியே வைப்பது. முதிரைக் குற்றியோ புளியங்குற்றியோ போட்டு இறுக்குங்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் மடக்கிய கைமுட்டி பட்டடையின் முகத்தைத் தொடவேண்டும், அதுதான் உயரம். கணகணவென்று காது கிழிந்தால் பட்டடையின் இடுப்பில் ஒரு சங்கிலியைச் சுற்றிவிடுங்கள், சத்தம் நன்றாய் அடங்கும். என் பட்டடையில் அப்படித்தான் கிடக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கத்து அக்காவின் மத்தியான நித்திரைக்காகக் கட்டியது.