அக்ராவில் அறை மாற்றிய கதை

வேலை நிமித்தம் கானா போனபோது, வாடகை குறைவு என்று தலைநகர் அக்ராவின் புறநகரான மதீனா பக்கம் அறை எடுத்தேன். அலுவலகம் நகருக்குள், ரிட்ஜ் பகுதியில். மிச்சம் பிடித்த பணமெல்லாம் காலை நெரிசலில் டாக்ஸிக்கே போனது. மூன்றாம் நாள் இரவு மின்சாரம் போயிற்று. அந்த ஊரில் இதற்குப் பெயரே உண்டு: 'டும்சோர்', அணைந்து எரிவது. ஜெனரேட்டர் இருந்தது; ஆனால் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும்தான், ஏசிக்கு இல்லையாம். அதையும் பத்து மணிக்கு நிறுத்திவிட்டார்கள். வேர்த்து ஊற்றியது.

அப்புறம் ரிட்ஜுக்குப் பக்கத்தில் உள்ள ஓசு பகுதியில் நாலைந்து விருந்தினர் இல்லங்களுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன்: ஜெனரேட்டர் இரவு முழுக்க ஓடுமா, ஏசியும் சேர்த்தா? தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? காலை உணவு, வரி எல்லாம் வாடகையில் அடக்கமா? வாரக் கணக்கில் தங்கினால் எவ்வளவு குறைப்பீர்கள்? நேராகப் பதில் சொன்னது ஒரே இடம். முன்பணம் அனுப்பாமல், நேரில் போய்க் குழாயைத் திறந்து பார்த்த பிறகே கானா நாணயமான சேடியில் கட்டினேன்.

வாடகை கொஞ்சம் கூடத்தான். ஆனால் ரிட்ஜ் பக்கம், டாக்ஸி செலவு பாதியானது. சாயங்காலம் நடந்தே போய் வறுத்த வாழைப்பழம், கெலவெலே, வாங்கலாம். இஞ்சியும் மிளகாயும் போட்டது; நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.