கியாரா காட்டுக்கு எந்த ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்? வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் இரண்டு ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்கள், முன்னும் பின்னும் அதிர்வு தாங்கி உள்ளவை, பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றுக்கு முன்னால் 130, பின்னால் 120 மில்லிமீட்டர் ட்ராவல், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம். மற்றதற்கு முன்னால் 160, பின்னால் 150. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுமே 9,000 வெள்ளியை ஒட்டித்தான். "அதே காசுக்கு 30 மில்லிமீட்டர் கூடக் கிடைக்கிறதே" என்று பெரியதைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வாரம் தவறாமல் கோலாலம்பூர் புக்கிட் கியாராவில் ஓட்டப் போகிறவருக்கு அது பெரும்பாலும் தப்புக் கணக்கு.

கியாரா ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். நம் ஆட்கள் பால் வெட்டிய மரங்களில் பல இன்னும் அங்கே நிற்கின்றன. அந்த மரங்களின் பக்கவேர்கள் பாதைக்குக் குறுக்கே விரல் தடிமனிலிருந்து மணிக்கட்டுத் தடிமன் வரை மேலெழுந்து கிடக்கும். மழை பெய்தால் வழுவழுவென்று ஆகிவிடும். ஏற்றங்கள் குட்டையானவை, ஆனால் செங்குத்தானவை. திருப்பங்கள் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே நெருக்கமாக வரும். அங்கே உங்களைச் சோதிப்பது வேகம் கிடையாது. நடக்கிற வேகத்தில், ஆகக் குறைந்த கியரில், ஈரவேர் மேல் பின் சக்கரம் பிடிக்குமா வழுக்குமா என்பதுதான் சோதனை.

நீண்ட ட்ராவல் மட்டுமே இந்த இடத்தில் கெடுதல் செய்வதில்லை. அதோடு சேர்ந்து வருகிற வடிவமைப்புதான் தொல்லை. 150, 160 ட்ராவல் சைக்கிள்களில் ஹெட் ஆங்கிள், அதாவது முன் ஃபோர்க்கின் சாய்வு, 64 டிகிரியை ஒட்டியிருக்கும்; வீல்பேஸ், இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம், நீளமாக இருக்கும். செங்குத்துச் சரிவில் வேகமாக இறங்கும்போது அது பெரிய துணை. மெதுவாக ஏறி, ஒரு மரத்தைச் சுற்றித் திரும்பும்போது முன் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையும். உடம்பை முன்னால் தள்ளி அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். எடையும் ஒன்றிரண்டு கிலோ கூடும். 65.5, 66 டிகிரியில் இருக்கிற 130 ட்ராவல் சைக்கிளில் அதே திருப்பம் யோசிக்காமலே முடிந்துவிடும்.

பெரிய சைக்கிளை வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது. பினாங்கில் தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டிப் போனால் தாவரவியல் பூங்கா. அங்கிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதை 5 கிலோமீட்டர் சொச்சம். அவ்வளவையும் பொறுமையாக மிதித்து ஏறிவிட்டு, இறக்கத்தையே முழு இன்பமாக எடுத்துக்கொள்கிறவர்கள், அல்லது வாரக்கடைசியில் லாரியில் ஏற்றிவிட்டு இறங்க மட்டுமே போகிறவர்கள் 150ஐ எடுக்கட்டும். கேள்வி ஒன்றுதான்: மாதத்தில் நான்கு ஞாயிறு என்றால் அதில் மூன்று ஞாயிறு எங்கே ஓட்டுகிறீர்கள்? அந்தக் காட்டுக்கு வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை போகிற பைக் பார்க்குக்காக வாங்கினால், மீதி நாளெல்லாம் அந்தப் பெரிய சட்டத்தை (ஃபிரேமை) சுமப்பது நீங்கள்தான். என் கருத்தைக் கேட்டால், கியாரா, கெப்போங் ஃபிரிம், ஷா ஆலாம் பக்கத்துக் காடுகள் என்று சுற்றுகிறவருக்குப் பின்னால் 120இலிருந்து 135, முன்னால் 130 அல்லது 140 போதும்.

அப்சோர்பரில் (ஷாக்கில்) காற்றை அளக்காமல் தீர்ப்புச் சொல்வது

இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்கிறேன் என்பவர்கள் புத்திசாலிகள். ஆனால் பெரும்பாலும் அந்த ஓட்டம் கடை வாசலில், கார் நிறுத்துமிடத்தில், யாரோ முன்பு ஏற்றிவிட்ட காற்றோடு நடக்கிறது. 85 கிலோ ஆளுக்கு ஏற்றிய காற்றில் 60 கிலோ ஆள் ஏறினால் எந்தச் சைக்கிளும் கட்டையாகத்தான் தெரியும். "இது கல்லு மாதிரி, அது மெத்து மெத்துன்னு இருக்கு" என்று அங்கே சொல்லப்படுவது காற்றின் குணமே தவிர, சைக்கிளின் குணம் இல்லை.

அண்மையில் ஒரு தம்பிக்குப் பக்கத்தில் நின்று இதைச் சரிபண்ணிக் கொடுத்தேன். சேக் என்று சொல்வார்களே, நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் அப்சோர்பர் தானாக அமுங்குகிற அளவு, அதைப் பின்னால் 30 சதவீதம் வைக்கச் சொன்னேன். அவர் 140 ட்ராவலுக்கு 30 சதவீதம் என்று கணக்குப் போட்டு, "அண்ணே, 42 மில்லிமீட்டர் வரணும், ஆனா ராடே அவ்வளவுதானே இருக்கு" என்று குழம்பிப்போனார். இந்தக் குழப்பம் பலருக்கு வருகிறது. பின் சக்கரம் 140 நகர்ந்தாலும், அப்சோர்பர் ராடு நகர்வது அதில் பாதிக்கும் குறைவு. அவருடைய ஷாக் 210க்கு 55 அளவு. இரண்டாவது எண்தான் ராடு நகரும் தூரம். 55இல் 30 சதவீதம் 16.5 மில்லிமீட்டர். ராடில் மாட்டியிருக்கும் கறுப்பு ரப்பர் வளையத்தைக் கழுத்துவரை தள்ளிவிட்டு, சப்பாத்து, தண்ணீர், முதுகுப் பை எல்லாவற்றோடும் மெதுவாக ஏறி உட்கார்ந்து, குலுக்காமல் இறங்கினார். அளந்தால் 11. ஷாக் பம்ப்பை மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கி, மறுபடி மறுபடி உட்காரச் சொல்லி 16க்குக் கொண்டுவந்தோம். வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்த சைக்கிள் அது. அதன் பிறகு அதைத்தான் எடுத்தார்.

முன் ஃபோர்க்குக்கு 15 முதல் 20 சதவீதம் போதும். கடைக்குப் போகும்போது ஒரு ஷாக் பம்ப்பும் சின்ன அளவுகோலும் கையோடு கொண்டுபோங்கள். நல்ல தவுக்கே (கடைக்காரர்) யாரும் மறுக்கமாட்டார். அமுங்கிய அப்சோர்பர் திரும்புகிற வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகையும் பாருங்கள். உடம்பு எடை குறைந்தவர்கள் அதை முழுக்கத் திறந்துவிட்ட பிறகும் அப்சோர்பர் சோம்பலாகத் திரும்புகிறது என்றால், அந்த ஷாக்கின் உள்ளமைப்பு அவர்களுக்குக் கனமானது. இரண்டு சைக்கிளில் ஒன்றை விலக்க இது நியாயமான காரணம்.

முடிந்தால், அப்சோர்பரை அமுங்காமல் பூட்டுகிற லாக் லீவரைத் திறந்துவைத்து, உட்கார்ந்தபடி ஒரு ஏற்றம் ஏறிப் பாருங்கள். லீவரைப் பூட்டினால் எல்லாச் சைக்கிளும் நன்றாக ஏறும். வேர் நிறைந்த ஏற்றத்தில் பூட்டிவிட்டு ஏற முடியாது; பின் சக்கரம் துள்ளி, பிடி போய்விடும். திறந்த நிலையில் ஒவ்வொரு மிதிக்கும் பின்பக்கம் ஊஞ்சலாடாமல் நிற்கிற சைக்கிள்தான் நம் காட்டுக்கு ஆனது.

உயர அட்டவணையை மட்டும் நம்புவது

நிறுவனங்கள் தருகிற அட்டவணையில் 168 சென்டிமீட்டர் ஆள் எஸ், எம் இரண்டிலும் விழுவார். கடையில் எது கையிருப்பில் இருக்கிறதோ அதுவே "உங்க சைஸ்" ஆகிவிடுகிறது. இதற்கு இடம் கொடுக்காதீர்கள். பார்க்க வேண்டியது இரண்டு எண்கள். ஒன்று ரீச், எழுந்து நின்று ஓட்டும்போது கைக்கும் உடம்புக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது. மற்றது சீட் குழாயின் நீளம். நம்மில் பலருக்கு இரண்டாவதுதான் இடிக்கிறது.

உங்கள் சீட் உயரம், பாட்டம் பிராக்கெட் (பெடல் கைகள் சுழலும் அச்சு) நடுவிலிருந்து சீட் மேல்புறம்வரை, 66 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சீட் குழாய் 42 சென்டிமீட்டர் என்றால் டிராப்பருக்கு, அதாவது ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்றும் கம்பிக்கு, 24 சென்டிமீட்டர் மிச்சம்; நீளமானதுகூட உட்காரும். அதே ஆளுக்கு 46 சென்டிமீட்டர் குழாய் என்றால் 20தான் மிச்சம். குட்டையான டிராப்பர்தான் நுழையும். சீட்டை முழுக்க இறக்க முடியாமல் செங்குத்தில் இறங்குவது பயமும் ஆபத்தும். அதோடு, குட்டைக் கால் உள்ளவர்கள் 29 அங்குலச் சக்கரத்தில் பின்னால் சாய்ந்தால் டயர் பின்புறத்தில் உரசும். முன்னால் 29, பின்னால் 27.5 போட்ட மல்லட் வகை அவர்களுக்கு ஒரு நல்ல வழி.

பின் டிரெய்லியரின் பெயரைப் பார்த்து மயங்குவது

கியர் மாற்றும் பாகமான பின் டிரெய்லியரில் பெரிய பெயர் பளபளக்கும். ஃபோர்க்கில், பிரேக்கில் காசைக் குறைத்திருப்பார்கள். விற்பவர்களுக்குத் தெரியும், வாங்குகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான் என்று. 2020இல் ஷிமானோ டியோரே வரிசைக்கு 12 ஸ்பீடும் 10-51 கேசட்டும் (10 பல்லிலிருந்து 51 பல் வரையான பின் பற்சக்கரங்கள்) வந்துவிட்டன. வார ஓட்டத்துக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. காட்டில் ஒரு குச்சி மாட்டினால் எந்த டிரெய்லியரும் உடையும். உடையும்போது மலிவானது உடைவது நல்லது. சட்டமும் ஃபோர்க்கும் பல வருஷம் உங்களோடு இருக்கப் போகிறவை. காசு அங்கே போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரிலேயே பல தரத்தில் ஃபோர்க் வருகிறது. ஃபாக்ஸ் 34 என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, தொடக்கத் தரமான ரிதமா, உயர்தரமான ஃபேக்டரியா என்று கேளுங்கள்.

பிரேக் டிஸ்க்கையும் கிட்டப்போய்ப் படியுங்கள். சில டிஸ்க்குகளில் "ரெசின் பேட் மட்டும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். நம் ஈரச் செம்மண் குழம்பில் ரெசின் பேட் சீக்கிரம் தேய்ந்துபோகிறது. மெட்டல் பேட்தான் நின்று பிடிக்கும். அதைப் போட வேண்டுமென்றால் டிஸ்க்கையும் சேர்த்து மாற்றவேண்டி வரும். அந்தச் செலவு வாங்கும் நாளில் கண்ணில் படாது.

நம் மழையை மறந்துவிட்டு வாங்குவது

எனக்கு மிகவும் கவலை தருகிற தவறு இதுதான். சைக்கிளைப் பற்றிய பேச்செல்லாம் வறண்ட மலைகளில் ஓட்டுகிறவர்களிடமிருந்து வருகிறது. இங்கே பிற்பகலில் இடி மழை. காலையில் போனாலும் மண் ஈரம். வெயிலில் நிறுத்தினாலும் காற்றிலேயே தண்ணீர். ஆகவே இரண்டு சைக்கிளையும் தலைகீழாகக் கவிழ்த்து, தண்ணீர் எங்கே தங்கும், பேரிங்கை எப்படிக் கழற்றுவது என்று பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

முதலில் கேபிள் எங்கே நுழைகிறது? இப்போது பல மாடல்களில் கேபிளும் பிரேக் குழாயும் ஹெட்செட் (ஹேண்டில் திரும்புகிற பேரிங் பகுதி) வழியாக உள்ளே போகின்றன. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் ஹெட்செட்டின் கீழ் பேரிங்தான் முன் சக்கரம் வாரியடிக்கிற சேற்றை நேராக வாங்குவது; நம் ஊரில் அது துருப்பிடித்தே தீரும். சாதாரணச் சட்டத்தில் அதை மாற்றுவது சின்ன வேலை. ஹெட்செட் வழியாகக் குழாய் போனால் பல நேரங்களில் பிரேக் குழாயைக் கழற்றி, எண்ணெய் மாற்றி, காற்றெடுத்து மறுபடி மாட்டவேண்டும். சட்டத்தின் பக்கவாட்டில் துளை வைத்த சைக்கிள் இருந்தால் நான் யோசிக்காமல் அதன் பக்கம்தான்.

இரண்டாவது, பாட்டம் பிராக்கெட். மரை போட்டுத் திருகுகிற வகை என்றால் எந்தக் கடையிலும் மாற்றலாம். அழுத்தி ஏற்றுகிற பிரஸ்ஃபிட் வகை, சேறும் ஈரமும் புகுந்த பிறகு கிரீச்சிட ஆரம்பித்தால் அடக்குவது சிரமம். மூன்றாவது, சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா? இல்லையென்றால் கழுவுகிற தண்ணீர் உள்ளேயே கிடக்கும்.

பிறகு பிவட் பேரிங்குகள், அதாவது பின்பக்கச் சட்டம் மடங்குகிற மூட்டுகளில் இருக்கும் பேரிங்குகள். நான்கு இணைப்புப் பின்பக்கம் என்றால் பேரிங் அதிகம். பின் சட்டமே சற்று வளைந்து கொடுக்கிற வகைகளில் குறைவு. ஓட்டத்தில் முன்னதுக்குப் பல நன்மைகள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்கும்போதே கேளுங்கள்: "தவுக்கே, இந்தப் பேரிங் செட் கையிருப்பில் இருக்கா? தருவிக்க எத்தனை நாள்?" பொதுவான அளவுப் பேரிங் என்றால் வெளியிலும் கிடைக்கும். அந்த நிறுவனத்துக்கென்றே செய்த சிறப்பு அளவு என்றால் மாதக்கணக்கில் சைக்கிள் சுவரில் சாய்ந்திருக்கும். பெட்ரோல் நிலையத்து அழுத்தத் தண்ணீர்க் குழாயால் இந்த இடங்களில் அடிக்கவே கூடாது. அது கிரீஸை வெளியேற்றிவிட்டுத் தண்ணீரை உள்ளே வைக்கும்.

ஷாக், ஃபோர்க் சர்வீஸ் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஃபோர்க், ஷாக் தயாரிக்கிற ராக்ஷாக்ஸ் 50 மணி நேரத்துக்கு ஒரு முறை சின்ன சர்வீஸ் சொல்கிறது. வாரம் 3 மணி நேரம் ஓட்டினால் அது நான்கே மாதம். அந்த வேலையை உள்ளூரில் செய்கிறவர் யார் என்று தெரிந்துகொள்ளாமல் அபூர்வமான ஒரு மாடலை எடுப்பது வீண் வேதனை.

டயர்

சைக்கிளோடு வருகிற டயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விலையைக் குறைக்கக் கடினமான ரப்பரில் போட்டிருப்பார்கள். ஈரவேரில் அது நிற்காது. முன்னால் மென்மையான ரப்பரில் 2.4 அங்குலம் ஒன்றுக்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். டியூப் இல்லாத டயருக்குள் ஓட்டை அடைக்க ஊற்றுகிற சீலண்ட் நம் வெக்கையில் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள்.

பழைய சைக்கிளா, புதியதா?

சில வேளை இரண்டில் ஒன்று பழையதாக இருக்கும்; அதே காசுக்கு உயர்ந்த மாடல். கெட்ட யோசனை இல்லை, ஆனால் மாடல் ஆண்டைப் பாருங்கள். 2016க்கு முந்தியதென்றால் ஷாக் பழைய அங்குல அளவில் இருக்கும், பின் அச்சு 142 மில்லிமீட்டராக இருக்க வாய்ப்பு அதிகம். இப்போதைய 148 சக்கரம் பொருந்தாது. கியர் தாங்கி, அதாவது டிரெய்லியரைச் சட்டத்தில் மாட்டும் துண்டு, யு.டி.எச் வகையா என்றும் கேளுங்கள். 2019இல் எஸ்ராம் கொண்டுவந்த அந்தப் பொது அளவு இப்போது பல நிறுவனச் சட்டங்களில் இருக்கிறது; காட்டில் வளைந்துபோனால் மாற்று கிடைப்பது எளிது.

சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். சக்கரம் தரையை விட்டு எழும்புமுன் "டொக்" என்று ஒரு தளர்வு கையில் தட்டினால், ஷாக் புஷ்ஷோ பிவட் பேரிங்கோ போயிருக்கிறது. அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ராடில் நகம் தட்டுகிற கீறல் இருந்தால் எடுக்காதீர்கள். வாங்கிய ரசீதையும் சட்டத்தின் அடியில் இருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பவில்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், திருட்டுச் சைக்கிளாக இருக்கலாம். ஃபிரேமுக்கான உத்தரவாதம் பல நிறுவனங்களில் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான் செல்லும் என்பதால், விலை பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.