வால்வை மெதுவாகத் திறங்கள்

டிப்ளமோ முடித்துவிட்டு குப்பைமேட்டில் குப்பை மக்கி வரும் வாயுவை எடுத்துக் கரண்ட் தயாரிக்கும் வேலைக்கு வரும் நம் தாராவி, செம்பூர்ப் பையன்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு கரண்ட் வரும் அக்கா?" பாதி மீத்தேன் உள்ள ஒரு கன மீட்டர் வாயு எஞ்சினுக்குள் போனால் ஒன்றரையிலிருந்து இரண்டு யூனிட் வரும். சரி, அது கடைசிக் கணக்கு. மேடு எவ்வளவு உயரம், எப்போது கொட்டிய குப்பை, உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதை முதலில் கேளுங்கள். நம் ஊர்க் குப்பையில் காய்கறி, சோறு அதிகம் என்பதால் சீக்கிரம் மக்கும். கொட்டுவதை நிறுத்திய சில வருடங்களிலேயே வாயு குறையத் தொடங்கிவிடும்.

மேலே மண்ணோ ஷீட்டோ போட்டு மூடாத மேட்டில் வாயு எடுக்கும் கிணறு இறக்கிப் பயனில்லை. மும்பையின் கோராயில் 1972 முதல் கொட்டிய சுமார் 20 ஹெக்டேர் மேட்டை மூடிய பிறகுதான் வாயுவை எடுத்து எரித்தார்கள். 1927இலிருந்து கொட்டப்பட்ட தேவ்னார் மேடு மூடாமலே கிடந்தது. 2016 ஜனவரியில் அது எரிந்த புகை செயற்கைக்கோள் படத்திலேயே தெரிந்தது.

கிணற்றைக் குப்பையின் ஆழத்தில் முக்கால் பங்கு வரை துளையுங்கள், அடித்தளம் வரை போக வேண்டாம். துளையிட்ட எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) குழாயை இறக்கி, சுற்றிலும் ஜல்லி, மேலே பென்டோனைட் களிமண் அடைப்பு. துளைக்கும்போது பீடியும் போனும் கேட்டுக்கு வெளியே. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். அழுகிய முட்டை வாடை திடீரென்று நின்றுவிட்டால் நிம்மதி அடையாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். உடனே காற்று வரும் திசைப்பக்கம் விலகி, மேட்டை விட்டு இறங்குங்கள்.

இனி உண்மையான வேலை. கிணறுகள் எல்லாம் ஹெடர் என்ற பொதுக் குழாயில் சேர, ப்ளோவர் என்ற விசிறி வாயுவை உறிஞ்சும். ஒவ்வொரு கிணற்றுத் தலையிலும் மீத்தேன், கார்பன் டையாக்சைடு, ஆக்சிஜன், வெப்பம், வாக்குவம் (உறிஞ்சும் இழுப்பு) ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மீத்தேன் ஐம்பது சதவீதத்தை ஒட்டி, ஆக்சிஜன் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் அந்தக் கிணற்றின் வால்வைத் தொடாதீர்கள். வாயு இன்னும் வேண்டும் என்று மேனேஜர் கத்தினாலும் சரி. அதிகமாக உறிஞ்சினால், இளநீர் தீர்ந்த பிறகும் ஸ்ட்ராவை இழுப்பதுபோல, வெளிக்காற்றுதான் வரும். அது வெறும் நஷ்டமாக நிற்காது. ஆக்சிஜன் போன இடத்தில் குப்பை உள்ளுக்குள் கனலும். ஆக்சிஜன் இரண்டைத் தாண்டியதும் வால்வைக் கால் சுற்று மூடி, மறுநாள் பாருங்கள். ஒரே நாளில் நாலு தடவை திருகினால் எந்த மாற்றத்துக்கு எது காரணம் என்றே தெரியாது. வெப்பம் 55 டிகிரியைத் தாண்டி, கார்பன் மோனாக்சைடும் 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 1000 பங்கு) மேல் போனால் அடியில் தீ என்றே வையுங்கள்: கிணற்றை மூடி, சுற்றியுள்ள வெடிப்புகளை மண்ணால் அடையுங்கள்.

மும்பை மழை தனிக் கதை. ஜூலையில் குப்பையிலிருந்து வடியும் கழிவுநீரான லீச்சேட் ஏறிக் குழாயின் துளைகள் முங்கிவிடும். வாக்குவம் முழுசாக இருக்கும், வாயு வராது. டேப் இறக்கித் தண்ணீர் மட்டம் பார்த்து பம்ப் வையுங்கள். மேடு அமுங்க அமுங்க ஹெடரும் தொய்யும், தொய்ந்த இடத்தில் தண்ணீர் கட்டி ப்ளோவர் விட்டுவிட்டு இழுக்கும். நூறு மீட்டருக்கு மூன்று மீட்டராவது சரிவு கொடுத்து, தாழ்ந்த இடத்தில் வடிகால் வைத்தால் தப்பிக்கலாம்.

எஞ்சினுக்கு முன்னால் கந்தகத்துக்கு இரும்பு ஆக்சைடு வடிகட்டி. ஷாம்பு, கிரீமிலிருந்து வரும் சிலாக்சேன் என்ற சிலிக்கான் சேர்மத்துக்கு ஆக்டிவேட்டட் கார்பன். இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் வெள்ளை மணல் படியும். எஞ்சின் நிற்கும் நேரத்தில் வாயுவை வெளியே விடாமல் ஃப்ளேர் என்ற எரிகுழாயில் எரியுங்கள்; நூறு வருடக் கணக்கில் கார்பன் டையாக்சைடைவிட மீத்தேன் பூமியைச் சுமார் 28 மடங்கு சூடேற்றும்.

பயோமைனிங் செய்து, அதாவது பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து, மேட்டையே அகற்றப்போகும் இடத்தில் எஞ்சின் வாங்காதீர்கள். வெட்டத் தொடங்கியதும் கிணறுகள் ஒவ்வொன்றாகப் போகும். அங்கே இடம் மாற்றக்கூடிய சின்ன ஃப்ளேர் போதும்.