மழை ஓயும் முன்பே மண்ணை மூடிவிடுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை இலங்கை மலையகத்தின் மேற்கே ஹட்டன் பக்கம் மழை கொட்டும்போது, அதே காற்று மலைகளைக் கடந்து ஈரத்தை இழந்து கிழக்கே ஊவா மாகாணத்துக்குள் இறங்குவதால், பதுளை, வெலிமடை, பண்டாரவளைப் பகுதி மரக்கறித் தோட்டங்கள் வெயிலோடு அந்த வறண்ட காற்றாலும் காய்கின்றன. பருவமழையை முன்போல நம்பியிருக்க முடியாத இந்நாளில், பெய்த மழையை மண்ணுக்குள்ளேயே நிறுத்திவைப்பதுதான் செலவு குறைந்த வழி.

மண் ஈரமாக இருக்கும்போதே போஞ்சி, கோவா, கறிமிளகாய் வரிசைகளுக்கிடையே மானா எனும் உயரமான மலைப்புல்லை அறுத்து நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். காய்ந்த மண்ணின்மேல் பரப்பினால், பின்னர் விழும் சிறு தூறலைப் புல்லே குடித்துவிடும். பூக்கும் முன் அறுத்த புல்லாக இருப்பது முக்கியம். இல்லாவிட்டால் விதை கொட்டிக் களையெடுக்கும் வேலை, அதுவும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழும் வேலை, இரட்டிப்பாகும். அடித்தண்டில் புல் ஒட்டியிருந்தால் அழுகல் பிடிக்கும் என்பதால் செடியைச் சுற்றிச் சற்று இடைவெளி விடுங்கள். சரிவான நிலத்தில் சரிவுக்குக் குறுக்காகவே இடுங்கள். வேலியோரக் கிளிசரியா இலையையும் கலந்தால் மண்ணுக்குத் தழைச்சத்தும் கிடைக்கும்.

தோட்டக் குடியிருப்பான லயத்தின் கூரையையும் மறக்க வேண்டாம். 20 சதுர மீட்டர் தகரத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிதறுவது போக, 200 லீற்றருக்குச் சற்றுக் குறைவான நீர் பீலி வழியே பரலில் சேரும். பரலின் வாயை நுளம்பு வலையால் இறுகக் கட்டிவையுங்கள்.