காமர்ஸ் – கம்ப்யூட்டர் குரூப்: பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள்?

பத்தாம் வகுப்பு மார்க் வந்த மறுநாள் பள்ளி வாசலில் தவறாமல் காதில் விழும் பேச்சு, "பையனைக் கம்ப்யூட்டர் குரூப்ல போட்டாச்சு." எந்தக் கம்ப்யூட்டர் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்திட்டத்தில் அந்தப் பெயரில் மூன்று பாடங்கள் உண்டு. கணினி அறிவியல் பெரும்பாலும் கணிதம், இயற்பியல், வேதியியலோடு வரும். பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான். கணினிப் பயன்பாடுகள் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளாதாரத்தோடு வரும். ரைட்டர் (கடிதம், ஆவணம் அடிப்பது), கால்க் (கணக்குத் தாள்), எச்டிஎம்எல் (இணையப் பக்கம் எழுதும் மொழி) என்று தொடங்கி, அடுத்த வருடம் பேஜ்மேக்கர், மைஎஸ்கியூஎல், பிஎச்பி, மின்வணிகம் என்று போகும். கணினித் தொழில்நுட்பம் தொழிற்கல்விப் பிரிவுக்கானது. காமர்ஸில் சேர்த்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து இன்ஜினியரிங் கவுன்சலிங் பற்றி விசாரிக்கும் அப்பாக்களுக்குப் பதில் சொல்வது எனக்கு சங்கடமான வேலை. இத்தனைக்கும் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க, பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் எடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கணிதமும் இயற்பியலும்தான் அங்கே முக்கியம்.

காமர்ஸுக்குள்ளேயே இன்னொரு முடிவு இருக்கிறது. நான்காவது பாடம் கணினிப் பயன்பாடுகளா, வணிகக் கணிதமும் புள்ளியியலுமா? கணக்குக்குப் பயந்து கம்ப்யூட்டர் பக்கம் ஓடுகிறவர்கள் நிறைய. பி.காம். போதும் என்றால் சரி. ஆனால் சி.ஏ. ஆசை இருந்தால், ஃபவுண்டேஷன் தேர்வின் நான்கு தாள்களில் ஒன்று முழுக்க வணிகக் கணிதம், தர்க்கம், புள்ளியியல். அதில் தவறான விடைக்குக் கால் மார்க் பிடிப்பார்கள். வணிகக் கணிதம் எடுக்காதவர்கள் சி.ஏ. எழுத முடியாது என்றில்லை, நிறையப் பேர் எழுதுகிறார்கள். அந்தப் பயத்தை இரண்டு வருடம் தள்ளிப்போட்டோம் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நான் அதிகம் பார்க்கும் தவறுக்கு வருகிறேன். மாலை டியூஷனில் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே ஒரு கேள்வி கேட்பேன்: "5,000 ரூபாய்க்கு ரொக்கத்துக்குச் சரக்கு விற்றோம். ரொக்கக் கணக்கில் பற்றா, வரவா?" முக்கால்வாசிப் பேர் 'வரவு' என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் வரவு செலவு என்றால் வரவு என்பது கைக்கு வந்த காசு. கணக்குப்பதிவியலில் உள்வருவது பற்று. ரொக்கக் கணக்கில் பற்று 5,000, விற்பனைக் கணக்கில் வரவு 5,000.

இந்த இடத்தில் விதியை மனப்பாடம் செய்யச் சொல்லி நகர்ந்துவிடுவதுதான் பெரிய தவறு. மனப்பாட விதி பரீட்சைப் பதற்றத்தில் தலைகீழாகிவிடும். அதற்குப் பதில் மளிகைக் கடைப் பற்று நோட்டை நினைத்துப் பாருங்கள். நோட்டில் யார் பெயரில் பற்று எழுதுகிறார்கள்? பொருளை வாங்கிக்கொண்டு போனவர் பெயரில். பெறுபவர் பற்று, அவ்வளவுதான். மாசம் பிறந்து அவர் 2,000 ரூபாய் கொடுத்தால், கடைக்காரர் அவருடைய பக்கத்தில் 'வரவு' வைக்கிறார். தருபவர் வரவு. அதே 2,000 கல்லாப்பெட்டிக்குள் நுழைகிறதே, அந்த ரொக்கக் கணக்குக்கு அது பற்று. பணம் ஒன்றுதான், எழுதும் பக்கம் இரண்டு. இது பிடிபட்ட பிள்ளைக்கு வங்கிச் சரிகட்டும் பட்டியலும் பிடிபடும். உங்கள் ரொக்க ஏட்டில் வங்கிப் பத்தியில் பற்றாக இருக்கும் தொகை, பாஸ்புக்கில் வரவாக இருப்பதற்குக் காரணம், பாஸ்புக் வங்கியின் நோட்டு. அங்கே பணம் தந்தவர் நீங்கள்.

இந்த அடிப்படையெல்லாம் பிளஸ் ஒன்னில் இருக்கிறது. 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது என்றதும், "அப்போ இந்த வருஷம் ஃப்ரீ" என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம், இறுதிக் கணக்குகள் எல்லாம் பதினொன்றில்தான். பன்னிரண்டில் கூட்டாண்மைக் கணக்கு நேராக இவற்றின் தலையில் ஏறி உட்காரும். அங்கே போய் பேரேடு கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலி விஷயத்திலும் இதே கதை. எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீப்ட், எஃப்7 ஜர்னல் என்று பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். கடைப் பணத்தை வங்கியில் கட்டிய சலானைக் கையில் கொடுத்தால் எஃப்5-ஐ அழுத்துவார்கள். பணம் நம்மை விட்டுப் போகவில்லை, கல்லாவிலிருந்து வங்கிக்கு இடம் மாறியிருக்கிறது. அதனால் கான்ட்ரா. ஜிஎஸ்டியிலும் விகிதத்தை மனப்பாடம் செய்து பிரயோஜனம் இல்லை. 2025 செப்டம்பர் 22-ல் 12, 28 சதவீதங்கள் பெரும்பாலும் எடுக்கப்பட்டு, 5, 18 என்று மாறிப்போனது. மாறாதது முறை. ஈரோட்டுக் கடை சேலத்துக்கு விற்றால் 5 சதவீதம் மத்திய, மாநில வரி என்று இரண்டரை இரண்டரையாகப் பிரியும். வெளி மாநிலமான பெங்களூருக்கு விற்றால் முழு 5-ம் ஐஜிஎஸ்டி, அதாவது ஒருங்கிணைந்த வரி.

கம்ப்யூட்டர் லேபில் நடப்பவை சின்னச் சின்னக் கூத்துகள். நோட்பேடில் எச்டிஎம்எல் அடித்து, சேமிக்கும்போது 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுக்காமல் விட்டால் கோப்புப் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். பிரவுசரில் பக்கம் வராது, நிரல் அப்படியே தெரியும். பிஎச்பி கோப்பை டபுள் கிளிக் செய்துவிட்டு "சார், ஓட மாட்டேங்குது" என்பார்கள். அது சர்வரில்தான் ஓடும். சொந்தக் கணினியையே சர்வராக்கும் சாம்ப் மென்பொருள் போட்டிருந்தால் எச்டிடாக்ஸ் ஃபோல்டருக்குள் வைத்து, லோக்கல்ஹோஸ்ட் வழியாகத் திறக்க வேண்டும். கால்க்கில் கட்டத்துக்குள் '50 ரூ' என்று அடித்தால் அது எண் இல்லை, எழுத்து. மொத்தம் போடும் 'சம்' (SUM) சூத்திரம் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும். மொத்தம் குறைந்து நிற்கும், பிழைச் செய்தியும் வராது. இதனால்தான் இதை எல்லாவற்றையும்விட ஆபத்தானதாக நினைக்கிறேன்.

செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 மார்க் என்பதால் கணினிப் பயன்பாடுகளை 'ஸ்கோரிங் சப்ஜெக்ட்' என்று ஒதுக்கிவைப்பதும் உண்டு. மீதி 70 எழுத்துத் தேர்வில்தான்.

அப்புறம் டைப்பிங். இரண்டு வருடம் லேபில் உட்கார்ந்த பிள்ளை இரண்டே விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருக்கும். அரசுத் தட்டச்சுத் தேர்வில் ஆங்கிலம் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. பள்ளிப் பாடத்தில் இந்த வேகம் யாருக்கும் வராது. காலையில் ஒரு மணி நேரம் தட்டச்சுப் பயிலகத்துக்குப் போய்த்தான் வர வேண்டும். குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது கேட்பது அந்தச் சான்றிதழைத்தான். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் கணினிப் பயன்பாடுகள் 98 என்று இருந்தாலும் அங்கே அது ஈடாகாது.