‘கரன்ட் சிடிசி எவ்வளவு?’: எச்ஆர் போன் வருவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

ஐடி வேலைக்கு விண்ணப்பித்தால் முதல் போனிலேயே மூன்று கேள்விகள் ஒரே மூச்சில் வந்துவிடும். கரன்ட் சிடிசி (இப்போது கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு), எக்ஸ்பெக்டட் சிடிசி (நீங்கள் எதிர்பார்ப்பது), நோட்டீஸ் பீரியட் (ராஜினாமாவுக்குப் பிறகு வேலை பார்க்க வேண்டிய நாட்கள்). மூன்றாவதற்கு யோசிக்க ஒன்றுமில்லை. முதல் இரண்டுக்கும் அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னால், அடுத்த இரண்டு மூன்று வருடச் சம்பளம் அங்கேயே முடிவாகிவிடும். நான் சமீபத்தில் கம்பெனி மாறியபோது இதற்கென்றே ஒரு கூகுள் ஷீட் போட்டுக்கொண்டேன். முதல் முறை மாறப் போகிற தம்பி தங்கைகள் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பதால் இந்தப் பதிவு. நௌக்ரி வேலைத் தளத்தில் ப்ரொஃபைல், ரெஸ்யூமே எல்லாம் தயார் என்று வைத்துக்கொள்கிறேன்.

அவர்கள் ஏன் கேட்கிறார்கள்? பழைய சம்பளம் தெரிந்துவிட்டால் அதன்மேல் 30 சதவீதம் போட்டுப் பேச்சை முடித்துவிடலாம். 3.5 லட்சத்தில் தொடங்கியவர் இப்படி இரண்டு முறை மாறினால் சுமார் 5.9 லட்சத்தில் நிற்பார். 6 லட்சத்தில் தொடங்கியவர் அதே இரண்டு தாவலில் 10.1 லட்சத்துக்குப் போய்விடுவார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். இரண்டரை லட்சமாக இருந்த வித்தியாசம் நான்கு லட்சத்தைத் தாண்டிவிட்டது. கேம்பஸ் இன்டர்வியூவில் யாரோ போட்ட எண் அது, விடாமல் துரத்துகிறது.

அமெரிக்காவில் இது கோர்ட் வரை போனது. கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ மாவட்டக் கல்வி அலுவலகம், பழைய சம்பளத்தோடு 5 சதவீதம் சேர்த்துப் புதுச் சம்பளம் போடும் வழக்கம் வைத்திருந்தது. அங்கே 2009-ல் சேர்ந்த ஐலீன் ரிஸோ என்ற கணித ஆலோசகர், தனக்குப் பிறகு வந்த ஆண் சக ஊழியருக்குத் தன்னைவிட அதிகம் என்று தெரிந்ததும் வழக்குப் போட்டார். பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பதற்குப் பழைய சம்பளத்தைக் காரணமாகக் காட்ட முடியாது என்று 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பே, 2018 ஜனவரி 1 முதல், விண்ணப்பிப்பவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்கவே கலிஃபோர்னியாவில் தடை. இந்தியாவில் அப்படி ஒரு தடை இல்லை. அதனால் யூடியூபில் வெளிநாட்டு ஆலோசகர்கள் சொல்வதுபோல “நான் சொல்ல மாட்டேன்” என்று இங்கே நின்றால், பெரும்பாலும் போன் அதோடு முடிந்துவிடும். நம் ஊருக்கு வேறு வழிதான்.

படி 1: காகிதங்களை இறக்கி வையுங்கள்

ஆஃபர் லெட்டர், கடைசி ஹைக் லெட்டர் எனும் சம்பள உயர்வுக் கடிதம் (பின்னால் இருக்கும் சம்பளப் பிரிப்பு அட்டவணையோடு), மூன்று மாத பே ஸ்லிப், ஃபார்ம் 16 (கம்பெனி தரும் வருமான வரிச் சான்று), பிஎஃப் பாஸ்புக். ராஜினாமா மெயில் அனுப்புவதற்கு முன்பே இவற்றை உங்கள் சொந்த ட்ரைவில் போட்டுவிடுங்கள். கடைசி நாள் மாலை போர்ட்டல் லாகின் போய்விடும். அப்புறம் ஒரு பே ஸ்லிப்புக்காகப் பழைய எச்ஆருக்கு மெயில் மேல் மெயில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

படி 2: சிடிசியைப் பிரியுங்கள்

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. எனக்கும் அதிக நேரம் பிடித்தது இங்கேதான். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம்.

சிடிசி 9,00,000. பன்னிரண்டால் வகுத்து மாதம் 75,000 என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். இதில் வேரியபிள் (வேலைத் திறனைப் பொறுத்து மாறும் தொகை) 10 சதவீதம் என்றால் 90,000 போய்விடும். மீதி 8,10,000. எச்ஆர் “ஃபிக்ஸட்” என்று சொன்னால் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் சொல்கிறார்.

ஆனால் இதுவும் முழுதாகக் கைக்கு வராது. கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கு இதற்குள்ளேதான் இருக்கிறது. பிஎஃப் கணக்கிடும் சம்பளத்துக்கான 15,000 ரூபாய் மாத உச்சவரம்பின்மேல் 12 சதவீதம் கட்டும் கம்பெனி என்றால் மாதம் 1,800, வருடத்துக்கு 21,600. அப்புறம் கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை, பேசிக்கில் (அடிப்படைச் சம்பளத்தில்) 4.81 சதவீதம். பேசிக் 4,50,000 என்றால் 21,645. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். இவை மூன்றையும் கழித்தால் 7,54,755, மாதம் சுமார் 62,900. உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1,800 பிடிப்பார்கள், தொழில்வரியும் கொஞ்சம் போகும். புதிய வரிமுறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. கைக்கு வருவது ஏறக்குறைய 60,900. 75,000 எங்கே, இது எங்கே!

கிராஜுவிட்டியை மட்டும் தனியாகப் பாருங்கள். நிரந்தர ஊழியர் பொதுவாக ஐந்து வருடம் முடித்தால்தான் அது கிடைக்கும். மூன்று வருடத்தில் மாறுகிறவருக்கு அது காகிதத்தில் மட்டும் இருக்கும் பணம்.

ஆக உங்களிடம் இருப்பது மூன்று எண்கள்: வருடத்துக்கு சிடிசி 9 லட்சம், ஃபிக்ஸட் 8.1 லட்சம், மாதம் கைக்கு 60,900. எதிர்முனையில் இருப்பவர் எந்த எண்ணைப் பேசுகிறார் என்று கேட்காமல் பதில் சொல்லக்கூடாது. “ஃபிக்ஸட்னா பிஎஃப், கிராஜுவிட்டி சேர்த்தா, சேர்க்காமலா?” என்று நேராகவே கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். உங்களுக்கு விஷயம் தெரியும் என்றுதான் நினைப்பார்கள்.

இதற்கு ஆன்லைன் டேக்ஹோம் கால்குலேட்டர்களை நான் நம்புவதில்லை. பேசிக்கை அவையே ஊகித்துக்கொள்கின்றன, பிஎஃப் உச்சவரம்பா முழு 12 சதவீதமா என்று பல கேட்பதே இல்லை. ஒரு ஷீட்டில் பத்து வரி போதும்.

படி 3: அந்த வேலைக்கு வெளியே என்ன விலை?

சம்பள விவரம் தரும் ஆம்பிஷன்பாக்ஸ் தளத்தில் கம்பெனி, பதவி, அனுபவம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இந்திய கம்பெனிகளுக்கு எனக்கு கிளாஸ்டோரைவிட இதுதான் பிடிக்கும். சராசரியை விட்டுவிட்டு, குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதையும்விட நம்பகமானது கன்சல்டன்சி ஆட்களின் போன். உங்களுக்குப் பிடிக்காத வேலைக்கு அழைத்தாலும் எடுத்து, “பட்ஜெட் என்ன?” என்று கேளுங்கள். பாதிப் பேர் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். நாலைந்து போனில் சந்தை நிலவரம் பிடிபட்டுவிடும்.

பிறகு இரண்டு எண்களை எழுதிவைக்க வேண்டும். இதற்குக் கீழே என்றால் மாற மாட்டேன் என்பது ஒன்று. வாய்விட்டுக் கேட்கப்போவது இன்னொன்று. கீழ் எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். “கொஞ்சம் நெகோஷியபிள்” என்று நீங்களே சேர்த்துச் சொல்வதும் அதைச் சொன்ன மாதிரிதான்.

படி 4: அந்த போன்

“உங்க கரன்ட் சிடிசி சொல்லுங்க.”

“சொல்றேன் மேம். அதுக்கு முன்னாடி இந்த ரோலுக்கு பட்ஜெட் ரேஞ்ச் என்னன்னு சொல்ல முடியுமா? ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.”

சிலர் சொல்லிவிடுவார்கள். சிலர், “இல்லைங்க, ஃபார்ம்ல போடணும், நீங்க முதல்ல சொல்லுங்க” என்பார்கள். இரண்டாவது தடவை இழுக்காதீர்கள்.

“ஃபிக்ஸட் 8.1, வேரியபிள் தொண்ணூறாயிரம். இங்க கேக்கற வேலை நான் இப்ப பண்றதைவிட பெருசு. இந்த வேலைக்கு வெளிய போற ரேட்டைப் பார்த்து ஃபிக்ஸட் 11 எதிர்பார்க்கிறேன்.”

பழைய எண்ணைச் சொன்ன அதே மூச்சில் கேட்கும் எண்ணையும் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். இடைவெளி விட்டால் அவர் மனதில் 30 சதவீதம் ஓடத் தொடங்கிவிடும். சொல்லி முடித்ததும் பேசாமல் இருங்கள். அந்தச் சில நொடி மௌனம் தாங்காமல் “இல்ல, 10 கூட ஓகே” என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

“36 பெர்சென்ட் ஹைக் எங்க பாலிசில இல்லையே” என்று வந்தால், சதவீதத்தில் வாதாட வேண்டாம். “சரி மேம், இந்த ரோல்ல ஏற்கெனவே இருக்கறவங்களுக்கு என்ன ரேஞ்ச்?” என்று பேச்சை மறுபடி வேலைக்குக் கொண்டுவாருங்கள்.

படி 5: பே ஸ்லிப் எப்போது கொடுப்பது?

எண் பேசி முடிந்து, ஆஃபர் லெட்டர் வருவதற்கு முன் கேட்டால் கொடுக்கலாம். முதல் ரவுண்டுக்கு முன்பே கேட்டால், ஆஃபர் கட்டத்தில் தருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பான், வங்கிக் கணக்கு எண் இரண்டையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

சம்பளத்தைக் கூட்டிச் சொல்லிப் பே ஸ்லிப்பைத் திருத்திக் கொடுக்கும் ‘நண்பர்கள்’ எல்லா மேன்ஷனிலும் இருப்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். ஃபார்ம் 16-லும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையிலும் உங்கள் சம்பளம் இருக்கிறது. உச்சவரம்பில் பிஎஃப் கட்டும் கம்பெனி என்றால் பாஸ்புக்கில் சம்பளம் தெரியாது என்றாலும், எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி வரை என்பது தெரிந்துவிடும். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், அதாவது பழைய வேலை விவரங்களைச் சரிபார்ப்பது, நீங்கள் சேர்ந்த பிறகும் நடக்கும். பழைய வேலையை விட்டு வந்த பிறகு புது வேலையும் போனால் என்ன செய்வது?

ஆஃபர் லெட்டர் வந்ததும் படி 2-ஐ அதற்கும் போடுங்கள். ஜாய்னிங் போனஸ் இருந்தால், எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்டவேண்டும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

பிற்சேர்க்கை 1: படி 2-ல் பேசிக்கை ஏன் சிடிசியில் சரிபாதியாக (4,50,000) வைத்தேன் என்று பதிவைப் படித்த சிலர் கேட்டார்கள். 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அதன்படி, சம்பளத்தில் அலவன்ஸ்கள் பாதிக்கு மேல் போனால் மிஞ்சியதும் ஊதியமாகவே கணக்கில் வரும். உங்கள் கம்பெனி இன்னும் பேசிக்கை 35, 40 சதவீதத்தில் வைத்து கிராஜுவிட்டியையும் அதன்மேலேயே காட்டினால், ஷீட்டில் கிராஜுவிட்டி எண்ணை மட்டும் அதற்கேற்ப மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

பிற்சேர்க்கை 2: குழந்தைக்காக இடைவெளி எடுத்துத் திரும்பும் ஒருவர், நாலு வருடத்துக்கு முந்தைய சம்பளத்தைச் சொல்வதா என்று கேட்டார். கேட்டால் சொல்லுங்கள், வருடத்தையும் சேர்த்து: “2021-ல் கடைசியா வாங்கினது இவ்வளவு.” அதன்மேல் ஹைக் கணக்குப் பேசவே விடாதீர்கள், படி 3 எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

பிற்சேர்க்கை 3: ஆன்லைன் ஃபார்மில் எக்ஸ்பெக்டட் சிடிசி கட்டாயம் என்றால் 0 அல்லது 1 போடச் சொல்லும் அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. எச்ஆரில் இருக்கும் தோழியிடம் கேட்டேன். அந்தமாதிரி விண்ணப்பங்களை விளையாட்டுக்குப் போட்டது என்று ஒதுக்கிவிடுவார்களாம். கேட்கப்போகும் எண்ணையே போடுங்கள். குறிப்புக்கு இடம் இருந்தால் ‘ஃபிக்ஸட் மட்டும், வேரியபிள் தனி’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.